பாட்டு இல்லாத பாட்டு: கோவிந்த் வசந்தாவின் பின்னணி இசையை ஏன் காது கொடுத்துக் கேட்கணும்?

முதலில் ஒரு ஒப்புதல் வாக்குமூலம். 'பிஜிஎம் தெறிக்குது', 'தியேட்டர் அதிருது', 'இசையில் மிரட்டல்' - இந்த மூன்று தலைப்பையும் டெஸ்க்கில் உட்கார்ந்து நானே வைத்திருக்கிறேன். எத்தனை தடவை என்று கணக்கு இல்லை. டீசர் வந்த நாலாவது நிமிஷம் செய்தி போயாகணும், இசையைப் பற்றி ஒரு வரி இருந்தாகணும். அந்த அவசரத்தில் கைக்கு வருகிற வார்த்தை 'தெறி'தான். இசை நன்றாக இருந்தது என்பதும் இசை சத்தமாக இருந்தது என்பதும் ஒன்றில்லை என்று எனக்கு உறைத்தது ஆபீஸில் இல்லை. படப்பையில், எங்கள் வீட்டு ஹாலில், 2024 அக்டோபர் கடைசியில்.

'மெய்யழகன்' நெட்ஃபிளிக்ஸில் வந்திருந்த வாரம். நான் ஏற்கெனவே தியேட்டரில் பார்த்துவிட்டேன். அப்பாவுக்காக டிவியில் போட்டேன். எங்களுக்குச் சொந்த ஊர் வலங்கைமான் பக்கம். படத்தில் கதை நடக்கிற நீடாமங்கலம் அங்கிருந்து கூப்பிடு தூரம். நான் நாலாவது படிக்கும்போது ஊர் வீட்டில் எங்கள் பங்கை எழுதிக் கொடுத்துவிட்டு, வந்த காசில் படப்பையில் அரை கிரவுண்டு வாங்கி, லோன் போட்டு வீடு கட்டி வந்தவர்கள் நாங்கள். வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில் ஒரகடம் கம்பெனிகளை நம்பி வந்து குடியேறிய ஆயிரக்கணக்கான குடும்பங்களில் ஒன்று. அப்பா அங்கே ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸில் வேலை பார்க்கிறார். ஊர் வீட்டைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

படம் 1996-ல் தொடங்குகிறது. சொத்துத் தகராறில் தஞ்சாவூர் வீட்டை இழந்து ஒரு குடும்பம் சென்னைக்குக் கிளம்புகிறது. அந்தப் பையன் ஊரை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துக்கொள்கிறான். பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, அப்பா எழுந்தார். "மோட்டார் போட்டுட்டு வர்றேன்." தண்ணீர் டேங்க் காலையிலேயே நிரம்பியிருந்தது. நான் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து உள்ளே வந்தவர் டிவியைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கேட்டார்: "அந்த மியூசிக் முடிஞ்சிருச்சா பாப்பா?"

வசனத்தைக் கேட்கவில்லை. காட்சியைக் கேட்கவில்லை. மியூசிக் முடிந்ததா என்றுதான் கேட்டார்.

அந்த மியூசிக்கைப் போட்டவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

யார் இந்த கோவிந்த் வசந்தா?

'96' படத்தின் இசையமைப்பாளர் என்றால் உடனே தெரியும். கேரளத்துக்காரர், 1988-ல் பிறந்தவர், கர்நாடக சங்கீதம் கற்ற வயலின் கலைஞர். 2013-ல் உருவான 'தைக்குடம் பிரிட்ஜ்' என்ற பேண்டின் முக்கிய முகம். கப்பா டிவி நிகழ்ச்சியில் அவர்கள் வாசித்த வீடியோக்கள் அந்தச் சமயத்தில் கல்லூரி ஹாஸ்டல்களில் கை மாறிக்கொண்டே இருந்தன. கோவிந்த் மேனன் என்று அறியப்பட்டவர், பிறகு அம்மாவின் பெயரைச் சேர்த்து கோவிந்த் வசந்தா ஆனார்.

தமிழில் 'அசுரவதம்', '96', 'சீதக்காதி' மூன்றும் 2018-லேயே வந்தன. 2019-ல் 'உறியடி 2', 'தம்பி'. 2020-ல் 'பொன்மகள் வந்தாள்'. அதே வருடக் கடைசியில், எடுத்துப் பல வருடம் கிடப்பில் கிடந்த 'ஒரு பக்க கதை' நேரடியாக ஓடிடியில் வந்தது. 2024-ல் 'ப்ளூ ஸ்டார்', 'மெய்யழகன்'. எண்ணிக்கையில் பார்த்தால் பெரிய பட்டியல் இல்லை. டாப் ஸ்டார் படங்களும் இல்லை. வருடத்துக்கு நாலு பிளாக்பஸ்டர் கொடுக்கிறவர்களோடு வைத்துப் பார்த்தால் இவர் ஓரமாக நிற்கிறவர்தான்.

அவர் மலையாளத்தில் எப்படித் தொடங்கினார் என்பது கவனிக்க வேண்டிய விஷயம். 2013-ல் ஃபகத் ஃபாசில் நடித்த 'நார்த் 24 காதம்' படத்துக்குப் பாடல்கள் இவர். பின்னணி இசை ரெக்ஸ் விஜயன். மலையாள சினிமாவில் இது சாதாரணம், பாட்டுக்கு ஒருவர், பின்னணிக்கு இன்னொருவர். தமிழில் அப்படி இல்லை, ஒருவரே இரண்டையும் செய்வதுதான் வழக்கம். அந்த வழக்கத்தால்தான் நமக்கு ஒரு நல்ல பின்னணி இசையமைப்பாளர் கிடைத்தார் என்று நான் நினைக்கிறேன். ஏனென்றால் என் கணக்கில் கோவிந்தின் பலம் பாட்டுக்கு வெளியே இருக்கிறது.

ஆர்.ஆர். என்றால் என்ன?

பின்னணி இசையைக் கோடம்பாக்கத்தில் இன்னும் 'ஆர்.ஆர்.' என்பார்கள். ரீ-ரெக்கார்டிங். படம் எடிட் ஆகி முடிந்த பிறகு இயக்குநரும் இசையமைப்பாளரும் உட்கார்ந்து முழுப் படத்தையும் பார்ப்பார்கள். எங்கே இசை வரணும், எங்கே நிற்கணும், எங்கே வரவே கூடாது என்று முடிவெடுப்பார்கள். பார்க்கிற நமக்குத் தெரியாத வேலை இது, ஆனால் பாதிப் படம் இங்கேதான் தீர்மானமாகிறது. ஒரு நடிகர் திரும்பிப் பார்ப்பதற்கு முன்னால் இசை தொடங்கினால் ஒரு அர்த்தம், திரும்பிப் பார்த்த பிறகு தொடங்கினால் வேறு அர்த்தம். இரண்டுக்கும் நடுவில் அரை செகண்ட்தான் இருக்கும். சினிமா ஒரு செகண்டுக்கு 24 ஃப்ரேம் ஓடுகிறது. அரை செகண்ட் என்றால் 12 ஃப்ரேம். இதெல்லாம் அந்த 12 ஃப்ரேம் விவகாரம்.

ஒரு காலத்தில் திரையில் ரீல் ஓட, அதைப் பார்த்தபடி மொத்த ஆர்கெஸ்ட்ராவும் வாசிக்கும். இளையராஜா ஒரு ரீலை ஒருமுறை பார்த்துவிட்டு விறுவிறுவென நோட்ஸ் எழுதிக் கொடுத்த கதைகளைப் பழைய வாத்தியக் கலைஞர்கள் இன்றும் சொல்வார்கள். இன்று லேப்டாப்பில் படம் ஓடும், கீபோர்டில் மாதிரி வாசித்துப் பார்ப்பார்கள், தேவையென்றால் தந்தி வாத்தியங்களை மாசிடோனியாவிலோ புடாபெஸ்ட்டிலோ பதிவு செய்வார்கள். வசதி கூடியிருக்கிறது, நேரம் சுருங்கியிருக்கிறது. ரிலீஸ் தேதியை முன்கூட்டியே அறிவித்துவிட்டுப் படம் எடுக்கிற காலம் இது. ஷூட்டிங் தள்ளிப்போனால் எடிட்டிங் தள்ளிப்போகும், அத்தனை தாமதமும் கடைசி வரிசையில் நிற்கிற ஆர்.ஆர். தலையில்தான் விடியும்.

அவசரத்தில் என்ன நடக்கும்? எல்லா இடத்தையும் சத்தத்தால் நிரப்புவதுதான் நடக்கும். கார் வந்து நின்றால் ஒரு 'டும்'. கண்ணாடியைக் கழற்றினால் ஒரு 'டும்'. டீ குடித்தாலும் 'டும்'.

மாஸ் இசையை நான் குறை சொல்லவில்லை. அனிருத் 'விக்ரம்', 'ஜெயிலர்' படங்களில் செய்தது எளிதான வேலை இல்லை. அடிப்பதற்கு முன்னால் எவ்வளவு நேரம் அடக்கி வைப்பது என்பது அவருக்குத் தெரியும். தியேட்டரில் நானும் கத்தியிருக்கிறேன். பிரச்சினை வேறு. அந்த ஒரு வகை மட்டும்தான் 'பிஜிஎம்' என்று ஆகிவிட்டது. ரீல்ஸுக்கு 15 செகண்ட் வெட்டி எடுக்க வராத இசை, இசையே இல்லை என்பது போல ஒரு நிலைமை. இதில் என்னைப் போல டெஸ்க்கில் இருப்பவர்களுக்கும் பங்கு உண்டு.

கரண்ட் போன வீட்டில்

'96' 2018 அக்டோபரில் வந்தது. பிரேம்குமார் இயக்கிய முதல் படம். (இவர் ஒளிப்பதிவாளராக இருந்தவர். 'நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்' படத்தில் தலையில் அடிபட்டு மறதியில் புலம்புகிற நாயகனின் கதை, நிஜத்தில் இவருக்கு நடந்ததுதான். இதைத் தெரிந்துகொண்டு அந்தப் படத்தை மறுபடி பாருங்கள், வேறு படமாகத் தெரியும்.)

கதை எல்லோருக்கும் தெரியும். தஞ்சாவூரில் ஒன்றாகப் படித்த ராமும் ஜானுவும் 22 வருடம் கழித்து ஒரு ரீயூனியனில் சந்திக்கிறார்கள். ஒரே இரவு. அவ்வளவுதான். சண்டை இல்லை, வில்லன் இல்லை, பெரிய திருப்பம் இல்லை. இப்படிப்பட்ட படத்தில் இசையமைப்பாளருக்கு இரண்டு ஆபத்து. ஒன்று, எதுவும் நடக்கவில்லையே என்று பயந்து இசையால் நிரப்பிவிடலாம். இரண்டு, ஜானு இளையராஜா பாட்டாகப் பாடிக்கொண்டே இருக்கிறாள்; படத்தின் உணர்ச்சியில் பாதி ஏற்கெனவே ராஜாவுக்குச் சொந்தம். அங்கே புதிதாக ஒருவர் என்ன செய்ய முடியும்?

கோவிந்த் செய்தது, போட்டி போடாமல் இருந்ததுதான். 'காதலே காதலே' மெட்டு படம் நெடுக வந்துவந்து போகிறது. ஆனால் முழுசாக இறங்கி 'பாட்டு வந்துருச்சு' என்று உட்கார்ந்துகொள்வதில்லை. சொல்ல வந்து சொல்லாமல் விட்ட வாக்கியம் மாதிரி பாதியில் நிற்கிறது. ராமும் அப்படித்தானே?

பள்ளிக்கூட நாளிலிருந்து ராம் திரும்பத் திரும்பக் கேட்டு, ஜானு பாடவே பாடாத ஒரு பாட்டு உண்டு. 'தளபதி' படத்தின் 'யமுனை ஆற்றிலே'. கடைசியில் ராமின் வீட்டில் கரண்ட் போகிற நேரத்தில், இருட்டில், அவள் அதைப் பாடத் தொடங்குகிறாள். சின்மயி குரல். ராம் விளக்குக்காகத் தடுமாறி அலைகிறான். அந்தப் பாட்டு தொடங்கும்போது பின்னால் எந்த வாத்தியமும் இல்லை. யோசித்துப் பாருங்கள். மொத்தப் படமும் காத்திருந்த இடம் அது. தந்தி வாத்தியங்களை இறக்கி அழவைக்க இதைவிட வசதியான இடம் கிடைக்காது. ஒரு வயலின் கலைஞர் தன் வயலினைக் கீழே வைத்துவிட்டார். அந்தக் காட்சிக்கு அவர் போட்ட இசை அதுதான் என்பேன்.

ராஜா பாடல்களை இப்படிப் பயன்படுத்துவது பற்றி 2019-ல் இளையராஜா ஒரு பேட்டியில் கடுமையாக விமர்சித்தார். சோஷியல் மீடியா இரண்டாகப் பிரிந்து அடித்துக்கொண்டது. கோவிந்த் பதில் அறிக்கை எதுவும் விடவில்லை, ராஜாவின் இசையை வயலினில் வாசித்து ஒரு வீடியோ போட்டார். ராஜா சொன்னதில் நியாயம் உண்டா இல்லையா என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம். எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது.

தஞ்சாவூர் - திருவனந்தபுரம் - தஞ்சாவூர்

வயலின் நம்ம ஊர் வாத்தியம் இல்லை. முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் ஐரோப்பியர்களிடமிருந்து கற்றுக்கொண்டு கர்நாடக சங்கீதத்துக்குக் கொண்டுவந்தவர் என்பார்கள். அவரோடு சேர்த்துச் சொல்லப்படுகிற இன்னொரு பெயர் வடிவேலு. தஞ்சை நால்வரில் இளையவர். தஞ்சாவூரிலிருந்து திருவிதாங்கூர் அரசவைக்குப் போனவருக்கு, சுவாதித் திருநாள் மகாராஜா 1834-ல் தந்தத்தால் ஆன வயலின் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்.

தஞ்சாவூர்க்காரர் ஒருவர் வயலினோடு கேரளம் போனார். கிட்டத்தட்ட 190 வருடம் கழித்து கேரளத்துக்காரர் ஒருவர் வயலினோடு வந்து, தஞ்சாவூர் வீட்டை விட்டுப் போகிற ஒரு குடும்பத்துக்கு இசை போடுகிறார். இதில் பெரிய தத்துவம் எதுவும் இல்லை, தற்செயல்தான். தாம்பரத்தில் எலெக்ட்ரிக் ட்ரெயின் கிளம்பக் காத்திருந்த ஒரு காலை நேரத்தில் இது மண்டைக்குள் ஓடியது, சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நம்மவர்கள் அந்த வாத்தியத்தை உட்கார்ந்து வாசிக்கப் பழக்கினார்கள். சுருதியை இறக்கினார்கள். விரலை ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாண்டவிடாமல் இழுத்துக்கொண்டு போகப் பழக்கினார்கள். கர்நாடக வயலின் பாடகரின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் பாடியதைக் கேட்டு, ஒரு நொடி பின்னால் திருப்பிச் சொல்கிற வாத்தியம். முன்னால் ஓடாமல் பின்தொடர்வதுதான் அதன் தொழில். கோவிந்தின் பின்னணி இசையில் எனக்குக் கேட்பது அந்தப் பழக்கம்தான். நடிகரின் முகம் ஒன்றைச் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்து, அப்புறம் வில்லை எடுப்பார்.

கொஞ்சம் டெக்னிக்கலாகவும் ஒன்று. வயலினின் வழக்கமான மேற்கத்திய சுருதியில் அதன் தடித்த தந்தி ஒரு செகண்டுக்கு 196 முறை அதிரும். பெண்கள் சாதாரணமாகப் பேசும் குரலும் ஏறக்குறைய அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. அதனால் வயலின் ஒரு மனிதக் குரல் மாதிரி காதில் விழுகிறது. அதே காரணத்தால் வசனத்துக்கு நேர் எதிரியும் அதுதான். ஒருவர் பேசும்போது கீழே வயலின் ஓடினால் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசுவது போல ஆகிவிடும். எங்கே ஒதுங்கி நிற்பது என்று தெரியாதவர் கையில் அது தொல்லை.

போனில் படம் பார்க்கும் நமக்கு இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. மாஸ் படத்தின் அடி இருக்கிறதே, அது பெரும்பாலும் 100-க்குக் கீழே அதிர்கிற ஒலி. போனின் குட்டி ஸ்பீக்கருக்கு 200-க்குக் கீழே பெரும்பாலும் ஒன்றும் வராது. வெற்றி தியேட்டரில் நெஞ்சில் இடித்த அதே இசை, படப்பை பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரின் போனில் தகரம் தட்டுகிற சத்தமாகக் கேட்பது இதனால்தான். வயலின் தப்பித்துவிடுகிறது. எவ்வளவு மட்டமான ஸ்பீக்கராக இருந்தாலும் அந்த மெட்டு உயிரோடு வந்து சேருகிறது. ஓடிடியில் '96' இவ்வளவு நாள் கழித்தும் ஓடிக்கொண்டிருப்பதற்கு இதுவும் ஒரு சின்னக் காரணமாக இருக்கலாம் என்பது என் சந்தேகம்.

சோக வயலின் மட்டும்தானா?

'அவருக்கு என்ன, சோகமா வயலின் வாசிப்பார்' என்று என் ஆபீஸ் நண்பர் ஒருவர் சொல்வார். அவருக்கு இரண்டு படங்களைச் சொல்வேன். ஒன்று, விஜய்குமாரின் 'உறியடி 2'. ஒரு கெமிக்கல் ஆலையில் விஷவாயு கசிகிற கதை. ஒரகடம் பெல்ட்டில் குடியிருக்கிற எங்களைப் போன்றவர்கள் அந்தப் படத்தைச் சும்மா பார்த்துவிட முடியாது. அங்கே கோவிந்த் கோபமாக இருக்கிறார், உருகுவதற்கு அவருக்கு நேரமே இல்லை.

இன்னொன்று, ஜெயக்குமார் இயக்கிய 'ப்ளூ ஸ்டார்'. அரக்கோணம், தொண்ணூறுகள், கிரிக்கெட், சாதி. 'ரயிலின் ஒலிகள்' பாட்டை நீங்கள் கேட்டிருப்பீர்கள். ரயில் சத்தத்தோடு வளர்கிறவர்களுக்கு அது தனியாக ஒரு சத்தமாகவே கேட்காது, வீட்டு ஃபேன் மாதிரி. தாம்பரத்துக்கும் இது பொருந்தும். அந்தப் படத்தின் இசை அப்படி ஊரோடு ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. மேட்ச் சூடு பிடிக்கும்போது மட்டும் எழுந்து நிற்கிறது.

சரி, குறையே இல்லையா? இருக்கிறது. 'பொன்மகள் வந்தாள்' படத்தில் கோர்ட்டில் நடக்கிற விஷயமே போதுமான அளவு கனமானது. அதன் மேல் இசையும் ஏறி உட்கார்ந்துகொண்டு 'இது சோகம், இது சோகம்' என்று சொல்லிக்கொண்டே இருந்தது எனக்கு எரிச்சலாக இருந்தது. 'மெய்யழக'னிலும் ஒரு இடம். கல்யாண மேடையில் அண்ணன் கொண்டுவந்த பரிசை தங்கை அங்கேயே பிரித்து அணிந்துகொள்கிற காட்சி. அரவிந்த்சாமியின் முகத்திலேயே எல்லாம் இருக்கிறது. அந்த இடத்தில் இசை பாதியாக இருந்திருந்தாலே போதும் என்று தோன்றியது. தியேட்டரில் என் பக்கத்தில் இருந்த அக்கா அங்கேதான் விசும்பி விசும்பி அழுதார், அதனால் என் கருத்தை நான் ரொம்ப உறுதியாகச் சொல்ல முடியாது.

வெட்டினால் என்ன ஆகும்?

'மெய்யழகன்' 2024 செப்டம்பர் 27-ல் வந்தது. ஏறக்குறைய 3 மணி நேரப் படம். நீளம், இழுவை என்று முதல் நாளே எழுதத் தொடங்கிவிட்டார்கள் (நாங்களும்தான்). சில நாட்களில் சுமார் 18 நிமிடம் வெட்டப்பட்டது. இரவில் இருவரும் உட்கார்ந்து பேசுகிற நீண்ட பேச்சிலும் கத்தரி விழுந்தது.

படத்தை வெட்டுவது பற்றிப் பேசும்போது எல்லோரும் காட்சிகளைப் பற்றித்தான் பேசுவார்கள். இசை என்ன ஆகும்? பின்னணி இசை ஒரு இடத்தில் தொடங்கி, மெல்ல ஏறி, ஒரு இடத்தில் இறங்கி நிற்கும்படி எழுதப்படுவது. அதற்கென்று ஒரு மூச்சு உண்டு. நடுவில் 3 நிமிடத்தை எடுத்தால், படத்தை ஒட்டிவிடலாம். மூச்சை ஒட்டுவது கடினம். இரண்டு துண்டையும் தேய்த்துக் கலந்து ஒப்பேற்றுவார்கள். பெரும்பாலும் நமக்குத் தெரியாது. 'ஏதோ சட்டுனு முடிஞ்ச மாதிரி இருக்கே' என்று மட்டும் தோன்றும்.

முதல் வாரத்தில் நீளமான வடிவத்தைக் குரோம்பேட்டை வெற்றியில் பார்த்தேன். கதையில், தன்னைக் கொண்டாடுகிற அந்த உறவினரின் பெயர் அருள்மொழிக்கு நினைவில் இல்லை. கேட்கவும் கூச்சம். இரவு முழுக்க அந்தக் கூச்சத்தோடு உட்கார்ந்திருக்கிறான், விடிகிற நேரத்தில் சொல்லாமல் ஓடிப்போகிறான். அந்தக் குற்ற உணர்ச்சி ஒரு காட்சியில் வருவது இல்லை, நேரம் ஆக ஆகச் சேர்வது. இசையும் அவசரப்படாமல் கூடவே உட்கார்ந்திருந்தது. படம் நீளம்தான், மறுக்கவில்லை. கல்யாண வீட்டில் கிளம்ப நேரம் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிற நீளம் அது. எனக்கு அது பிடித்திருந்தது. கமல்ஹாசன் அந்தப் படத்துக்கு இரண்டு பாட்டு பாடியிருக்கிறார், எங்கள் செய்தித் தலைப்பெல்லாம் அதைப் பற்றித்தான் இருந்தது. பாட்டுக்கு நடுவில் இருந்ததைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை.

யாருக்குக் கிடைக்கும் பெயர்?

தேசிய விருதில் நீண்ட காலம் இசைக்கு ஒரே விருதுதான். 2009-ம் ஆண்டுப் படங்களுக்கான விருதிலிருந்துதான் பாடல்களுக்குத் தனி, பின்னணி இசைக்குத் தனி என்று பிரித்தார்கள். அந்த முதல் வருடம் பாடல்களுக்கு 'தேவ் டி' படத்துக்காக அமித் திரிவேதி, பின்னணிக்கு 'பழசிராஜா' படத்துக்காக இளையராஜா. 2015-ம் ஆண்டுக்கு 'தாரை தப்பட்டை'யில் மறுபடி ராஜா. பிறகு 'சூரரைப் போற்று' படத்துக்கு ஜி.வி.பிரகாஷ், 'பொன்னியின் செல்வன் 1' படத்துக்கு ஏ.ஆர்.ரஹ்மான். அரசாங்கமே இது தனி வேலை என்று ஒத்துக்கொண்டு வருடங்கள் ஆகின்றன.

சந்தை இன்னும் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. பாட்டை ஆடியோ கம்பெனி வாங்கும், படம் வருவதற்கு முன்பே காசாகும், விளம்பரமாகும். பின்னணி இசை படத்தோடு போய்விடும். பெரிய ஸ்டார் படங்களுக்கு இப்போது 'ஓஎஸ்டி' என்று ஒரு ஆல்பம் தனியாக வருகிறது, நல்ல விஷயம். மற்ற படங்களுக்கு அது வந்தால் உண்டு. வராவிட்டால் ரசிகர்களே வசனத்துக்கு நடுவில் கிடைத்த துண்டுகளை வெட்டி யூடியூபில் ஏற்றிவிடுகிறார்கள். காரின் ஹார்ன், கதவுச் சத்தம், யாரோ இருமுவது எல்லாம் கூடவே இருக்கும். அதற்குக் கீழே கமெண்ட்ஸ் படித்துப் பாருங்கள். துபாயில் இருந்து, சிங்கப்பூரில் இருந்து, இரவு ஒரு மணிக்கு எழுதியிருப்பார்கள்.

இதில் நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு, ரொம்பச் சின்னது. அடுத்த முறை படம் பார்க்கும்போது, ஒரு காட்சியில் இசை எப்போது நின்றது என்று மட்டும் கவனியுங்கள். தொடங்கியதைக் கவனிப்பது எளிது, நின்றதைக் கவனிப்பது கஷ்டம். இரண்டு, மூன்று படத்தில் பழகிவிடும். பழகிய பிறகு சில 'வெறித்தனமான' படங்களை உட்கார்ந்து பார்க்க முடியாமல் போகலாம். அதற்கு நான் பொறுப்பில்லை.

அப்பா விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்கு அவர் படத்தை முழுசாகப் பார்த்தார். முடிந்ததும் ஒன்றும் சொல்லவில்லை. நான் ஆரம்பித்திருந்தால் ஏதாவது பேசியிருப்பாரோ என்னவோ, எனக்கும் வாய் வரவில்லை. மூன்று நாள் கழித்து ஷிஃப்ட்டுக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று ஷூ மாட்டிக்கொண்டே கேட்டார்: "அந்தப் படத்துல ஆரம்பத்துல ஒண்ணு வந்துச்சே, பாட்டு இல்லாத பாட்டு. அது தனியா கெடைக்குமா?"

தேடினேன். அன்றைக்கு என் கையில் அகப்பட்டது யாரோ வெட்டி ஏற்றியிருந்த ஒரு துண்டுதான். இரண்டு நிமிடத்துக்கும் குறைவு, நடுவில் வசனம் வேறு. அதையே வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரவு 11 மணிக்கு நீல டிக் விழுந்தது. டீ பிரேக் நேரம் அது. பதில் எதுவும் வரவில்லை. 11.04-க்கு இன்னொரு மெசேஜ் வந்தது: "இதுல கொஞ்சம்தான் இருக்கு. மீதி இருந்தா அனுப்பு."